கிண்ணியாவின் காய்ச்சலும் கெமோகைன் மருந்தும்

2017 மார்ச்சில், இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள கிண்ணியாவில் டெங்கு பரவிய வேகத்தைக் கண்டு அங்குள்ள பாடசாலைகளை மூடினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் இலங்கை முழுவதிலும் 186,101 டெங்கு நோயாளர் பதிவாயினர். 440 பேர் இறந்தனர். அதற்குப் பதினொரு ஆண்டுகளுக்கு முன், 2006-இன் கடைசியில், இதே கிழக்குக் கரையைச் சிக்குன்குனியா பிடித்தது. உள்நாட்டுப் போரின் மாவிலாற்றுச் சண்டையால் மூதூர் மக்கள் கந்தளாய்ப் பக்கம் இடம்பெயர்ந்த ஆண்டு அது. டெங்கு ஆளைக் கொல்லக்கூடியது. சிக்குன்குனியா கொல்வது அரிது. ஆனால் வலை இழுக்கும் கையையும் வயலில் குனியும் முழங்காலையும் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் முடக்கிவிடும்.

இரண்டையும் காவுவது ஒரே இன நுளம்புகள். இரண்டிலும் உடலுக்கு வரும் கேட்டில் பெரும்பங்கை வைரஸின் நேரடித் தாக்குதலைவிட அதற்கு எதிராக உடல் எழுப்பும் அழற்சியே செய்கிறது என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. அழற்சி நடக்கும் இடத்துக்கு வெண்குருதிக் கலங்களை அழைத்து வருபவை கெமோகைன்கள் எனப்படும் சிறு புரதங்கள். அழைப்பை நிறுத்தினால் அழற்சி அடங்கும், அழற்சி அடங்கினால் நோயாளி பிழைப்பார் என்ற வாதம் இங்கிருந்துதான் பிறக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆய்வுக் கட்டுரைகளின் முடிவுரைகளில் அது திரும்பத் திரும்ப வருகிறது. அந்த வாக்குறுதி யாரை நோக்கிச் சொல்லப்படுகிறது என்றால், கிண்ணியா, மூதூர் போன்ற ஊர்களின் நோயாளர்களை நோக்கித்தான். அவர்கள் சார்பில் அதை எடைபோட்டுப் பார்க்க நமக்கு உரிமை உண்டு.

முதலில் இந்தப் புரதங்கள் செய்யும் வேலை. குருதியில் ஓடும் வெண்கலத்துக்குத் தொற்று எந்த இடத்தில் என்று தானாகத் தெரியாது. தொற்றிய திசுவிலுள்ள கலங்கள் கெமோகைனைச் சுரக்கின்றன. அது பக்கத்து நுண்குழாயின் உட்சுவரை அடைந்து, அங்கே நீட்டிக்கொண்டிருக்கும் ஹெபரன் சல்பேட் என்ற சர்க்கரைச் சங்கிலிகளில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டாவிட்டால் குருதியோட்டம் அடித்துக்கொண்டு போய்விடும். வெண்கலமோ செலெக்டின் என்ற புரதங்களைப் பற்றியும் விட்டும் சுவரோரமாக உருண்டு வருகிறது. அதன் மேற்பரப்பிலுள்ள வாங்கி, சுவரில் நிற்கும் கெமோகைனைத் தொட்ட கணத்தில் கலத்தின் இன்டெக்ரின்கள் உருமாறி இறுகப் பற்றுகின்றன. கலம் நின்று, தட்டையாகி, சுவரின் இடுக்கு வழியே நுழைந்து, கெமோகைன் செறிவு கூடும் திசையில் ஊர்ந்து செல்கிறது. செறிவு எந்தப் பக்கம் கூடுகிறது என்பதே இங்கு செய்தி. மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்பது இரண்டாம் பட்சம். இந்த வேறுபாடு பின்னால் முக்கியமாகப் போகிறது.

மனித உடலில் ஏறத்தாழ 50 கெமோகைன்களும் 20 அளவிலான வாங்கிகளும் உண்டு. நம் காய்ச்சல்களைப் பொறுத்தவரை மூன்று பெயர்கள் போதும். இன்டர்லூக்கின்-8 நியூட்ரோபில்களை அழைக்கிறது. எம்.சி.பி.-1, சி.சி.ஆர்.2 என்ற வாங்கி வழியாக மொனோசைட்டுகளை அழைக்கிறது. ஐ.பி.-10 என்பது சி.எக்ஸ்.சி.ஆர்.3 வாங்கி வழியாக டி கலங்களை அழைக்கிறது. ஆனால் ஒரு கெமோகைனுக்கு ஒரு வாங்கி என்ற ஒழுங்கு இல்லை. பல கெமோகைன்கள் பல வாங்கிகளில் பொருந்துகின்றன. பல வாங்கிகள் பல கெமோகைன்களை ஏற்கின்றன. என்பு மச்சையில் மூலக் கலங்களை இருத்தி வைப்பது, நிணநீர்க் கணுக்களில் கலங்களை இடம்பார்த்து அமர்த்துவது என, நோயில்லாத நாளிலும் இவற்றுக்கு வேலை உண்டு.

குற்றச்சாட்டுத் தரப்பில் சான்று பலமாகவே இருக்கிறது. கடும் டெங்கு நோயாளரின் குருதியில் இன்டர்லூக்கின்-8 உயர்ந்திருப்பதை 1998-இலேயே ரகுபதி, சதுர்வேதி ஆகியோரின் குழு வெளியிட்டது. 2006-இல் தாய்வான் ஆய்வாளர்கள் இன்னொரு படி போனார்கள். டெங்கு வைரஸ் தொற்றிய மொனோசைட்டுகள் சுரக்கும் எம்.சி.பி.-1, குருதிக் குழாய்ச் சுவர்க் கலங்களுக்கிடையே உள்ள இறுக்கமான இணைப்புகளைத் தளர்த்துகிறது என்று கலவளர்ப்பில் காட்டினார்கள். டெங்குவில் உயிரைக் குடிப்பது குருதியின் திரவப் பகுதி குழாய்க்கு வெளியே கசிவதுதான் என்பதால் இது கனமான சான்று. 2010-இல் பிரேசில் குழு ஒன்று சி.சி.ஆர்.2 இல்லாத எலிகளும் சி.சி.ஆர்.4 இல்லாத எலிகளும் டெங்குத் தொற்றில் குறைவாக இறப்பதைக் கண்டது. சிக்குன்குனியாவிலும் இதே போக்கு. ஆஸ்திரேலியாவில் சுரேஷ் மகாலிங்கம் குழு, எம்.சி.பி. வகைக் கெமோகைன்களின் உற்பத்தியைக் குறைக்கும் பிண்டாரிட் என்ற மருந்தை எலிகளுக்குக் கொடுத்தது. 2009-இல் சிக்குன்குனியாவின் உறவான ரொஸ் ரிவர் வைரஸிலும், 2011-இல் சிக்குன்குனியாவிலும், மூட்டு வீக்கமும் தசைச் சிதைவும் குறைந்தன.

இத்தோடு நிறுத்தினால் வழக்கு முடிந்தது போலத் தோன்றும். பல மீள்பார்வைக் கட்டுரைகள் இத்தோடுதான் நிறுத்துகின்றன. ஆனால் எதிர்த்தரப்பின் சான்றும் அதே ஆண்டுகளில், அதே நாடுகளிலிருந்து வந்திருக்கிறது.

எம்.சி.பி.-1 மீது குற்றம் சாட்டப்பட்ட அதே 2006-இல், தாய்வானிலிருந்தே வந்த இரண்டு கட்டுரைகள் ஐ.பி.-10 பற்றி வேறு கதை சொல்லின. டெங்கு வைரஸ் கலத்தினுள் நுழையுமுன் அதன் மேற்பரப்பிலுள்ள ஹெபரன் சல்பேட்டைப் பற்றிக்கொள்ளப் பார்க்கிறது. ஐ.பி.-10 ஒட்டுவதும் அதே சங்கிலிகளில்தான். இடத்துக்கான போட்டியில் ஐ.பி.-10 முந்திக்கொண்டால் வைரஸுக்குப் பிடிமானம் குறைகிறது. கலங்களை அழைக்கும் புரதம் தானே வைரஸின் வழியை மறிக்கிறது. கூடவே, ஐ.பி.-10 அல்லது அதன் வாங்கி இல்லாத எலிகள் டெங்குவில் அதிகமாக இறந்தன. அதாவது ஒரே நோயில், ஒரே வகை விலங்கில், ஒரு கெமோகைன் வழியை அடைத்தால் எலி பிழைக்கிறது; பக்கத்து வழியை அடைத்தால் எலி சாகிறது. டெங்குவில் கெமோகைன்கள் கெடுதியானவை என்ற பொதுப்படையான கூற்று இந்த இடத்திலேயே விழுந்துவிடுகிறது.

அப்படியானால் கெட்டதை மட்டும் தேர்ந்து அடைப்போம் என்று ஒருவர் சொல்லலாம். நியாயமான பதில். அதைச் சோதிக்கச் சிக்குன்குனியாவைவிட நல்ல இடம் இல்லை, ஏனென்றால் அங்கே எம்.சி.பி.-1 தான் குற்றவாளி என்று பலரும் ஒப்பியிருந்தார்கள். 2014-இல் பிரிஸ்பேனின் ஆண்ட்ரியாஸ் சூர்பியர் குழு, சி.சி.ஆர்.2 வாங்கி அறவே இல்லாத எலிகளுக்குச் சிக்குன்குனியாவைத் தொற்றச் செய்தது. மொனோசைட்டுகளின் வரவு எதிர்பார்த்தபடி குறைந்தது. மூட்டோ மோசமாகியது. வராத மொனோசைட்டுகளின் இடத்தில் நியூட்ரோபில்கள் திரண்டன, வீக்கம் கடுமையாகி நீடித்தது, குருத்தெலும்பு அரிக்கப்பட்டது. சாதாரண எலியில் காணாத சேதம் இது.

பிண்டாரிட் எலிக்கு நன்மை. வாங்கி இல்லாத எலிக்குத் தீமை. இரண்டு முடிவுகளும் பொய்யில்லை என்று கொண்டால், இடையில் என்ன வேறுபாடு? பிண்டாரிட் கெமோகைன் உற்பத்தியைக் குறைத்தது, ஒழித்துவிடவில்லை. மருந்து கொடுத்த நாட்களுக்கு மட்டும் குறைத்தது. மரபணு நீக்கிய எலியில் அந்த வழி பிறப்பிலிருந்தே முழுதாக இல்லை. மூட்டுக்குள் வரும் மொனோசைட்டு தொடக்கத்தில் வீக்கத்தைக் கூட்டுகிறது. சில நாட்கள் கழித்து அதே கலம் மக்ரோபேஜாக மாறி, செத்த கலங்களை விழுங்கி, அழற்சியை அடக்கும் வேலையைத் தொடங்குகிறது. முதல் வேலையைத் தடுப்பவர் இரண்டாம் வேலையையும் தடுத்துவிடுகிறார். ஆகவே எந்தக் கெமோகைன் என்ற கேள்வி மட்டும் போதாது. எந்த நாள், எந்த அளவு என்ற கேள்விகள் அதற்குச் சமமான கனம் உடையவை. இந்தத் துறையின் கட்டுரைகளில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது இதுதான்: எந்த மூலக்கூறு என்பதற்குப் பக்கம் பக்கமாக இடம் இருக்கிறது, எந்த நாள் என்பதற்கு ஒரு பந்தி கிடைப்பதே அரிது.

எலியை விட்டு மனிதருக்கு வருவோம். சி.சி.ஆர்.5 என்ற கெமோகைன் வாங்கி பிறப்பிலேயே இல்லாத மனிதர்கள் இருக்கிறார்கள். ஐரோப்பிய வம்சாவளியில் நூற்றுக்கு ஒருவர் அளவில். எச்.ஐ.வி. இவர்களை எளிதில் தொற்றுவதில்லை என்று 1996-இல் தெரியவந்தபோது, அந்த வாங்கி இல்லாமலே வாழலாம் என்ற எண்ணம் பரவியது. பத்து ஆண்டுகளில் அமெரிக்காவில் வெஸ்ட் நைல் வைரஸ் நோயாளரை ஆராய்ந்தபோது மறுபக்கம் தெரிந்தது: அந்த வாங்கி இல்லாதவர்கள் நோய்க்குறிகளோடு படுத்தவர்களிடையே எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தார்கள். வெஸ்ட் நைல், டெங்குவின் குடும்பத்து வைரஸ். மனிதரில் இயற்கையே நடத்திய இந்தச் சோதனையை எலிச் சோதனைகள் பத்தைவிடப் பெரிதாக நான் மதிக்கிறேன்.

சான்றின் தரத்தையும் சோதிக்க வேண்டும். இன்டர்லூக்கின்-8-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கடும் டெங்குவில் அது உயர்கிறது என்று மனிதரில் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். எலிக்கோ அந்த மரபணுவே கிடையாது. எலியை வைத்து மட்டும் அதன் பங்கை முடிவு செய்ய வழியில்லை. அடுத்தது, நோயாளரில் அளப்பது பெரும்பாலும் கைக் குழாயிலிருந்து எடுத்த குருதியில். கெமோகைன் வேலை செய்வதோ திசுவின் செறிவுச் சரிவில். குருதியில் அளவு கூடியிருப்பது திசுவில் அழைப்பு பலமாக இருப்பதைக் காட்டலாம். திசுவிலிருந்து வழிந்து வீணானதையும் காட்டலாம். போதாததற்கு, செங்குருதிக் கலங்களின் மேலுள்ள டஃபி என்ற புரதம் பல கெமோகைன்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. குருதி மாதிரியில் வரும் எண் இந்தப் பிடிப்புகளுக்கெல்லாம் பிறகு எஞ்சிய மிச்சம்.

மேலும், கசிவுக்குக் கெமோகைன் அல்லாத வலுவான சந்தேக நபர்களும் உண்டு. வைரஸ் சுரக்கும் என்.எஸ்.1 புரதம் தானாகவே குழாய்ச் சுவரைக் கசியச் செய்யும் என்பதை 2015-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே காட்டின. அதே ஆண்டில், ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் நீலிகா மளவிகே தலைமையிலான குழு, நோயாளர் குருதியிலுள்ள பிளேட்லெட் தூண்டு காரணி என்ற கொழுப்புப் பொருளுக்குக் கசிவில் பங்குண்டு என்று கண்டது. அந்தக் குழு அங்கே நிற்கவில்லை. அந்தக் காரணியை மறிக்கும் ரூபாட்டடின் என்ற ஒவ்வாமை மாத்திரையை, வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு, இலங்கை நோயாளரிலேயே சோதித்து 2018-இல் வெளியிட்டது. மாத்திரை பாதுகாப்பானது என்று தெரிந்தது. கசிவைக் குறைக்கும் என்ற முதன்மை இலக்கு எட்டப்படவில்லை, சில துணைப் பகுப்பாய்வுகளில் மட்டும் நம்பிக்கை தெரிந்தது. அதை அவர்கள் அப்படியே எழுதினார்கள். டெங்குவுக்குக் கெமோகைன் மருந்து பற்றிப் பேசுபவர்களிடம் நான் எதிர்பார்ப்பது இந்த அளவு நேர்மையும் இந்த அளவு உழைப்பும்தான்.

மருந்துகளின் வரலாறு என்ன சொல்கிறது? சி.சி.ஆர்.5-ஐ மறிக்கும் மரவிரோக் 2007-இல் வந்தது, எச்.ஐ.வி.க்காக. சி.எக்ஸ்.சி.ஆர்.4-ஐ மறிக்கும் பிளெரிக்ஸபோர் 2008-இல் வந்தது, மூலக் கலங்களை மச்சையிலிருந்து வெளிக்கொணர. மொகமுலிசுமாப் 2012-இல் ஜப்பானில் வந்தது, டி கலப் புற்றுநோய்க்காக. இவை எதுவும் அழற்சியை அடக்க அனுமதி பெறவில்லை. அழற்சிக்காகச் சோதித்தவை வரிசையாகத் தோற்றன. சிக்குன்குனியா மூட்டுவலியை முடக்குவாதத்தோடு ஒப்பிடுவது வழக்கம் என்பதால் ஒரு சோதனை நமக்கு முக்கியம். 2006-இல் நெதர்லாந்தில் முடக்குவாத நோயாளருக்கு எம்.சி.பி.-1-க்கு எதிரான பிறபொருளெதிரியைக் கொடுத்தார்கள். பயன் தெரியவில்லை, மிக அதிக அளவு பெற்றவர்களில் நோய் கூடியது போலவும் இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் சி.சி.ஆர்.2 வாங்கியையே பிறபொருளெதிரியால் மறித்துப் பார்த்தார்கள். வாங்கி பெருமளவு மறிக்கப்பட்டது, மூட்டு மாறவில்லை. ஒரு வழி அடைபட்டால் கலங்கள் இன்னொரு வழியில் வந்து சேர்கின்றன என்பது பொதுவான விளக்கம். வாங்கியை நாள் முழுக்கப் போதிய அளவு மறிக்கவே இல்லை என்று வாதிடுபவர்களும் உண்டு. அதை நான் ஒதுக்கிவிடவில்லை.

கெமோகைன் தரப்புக்குச் சாதகமான மிக வலுவான செய்தி பக்கத்து வீட்டிலிருந்து வருகிறது. சி5ஏ என்பது கெமோகைன் இல்லை, ஆனால் அதுவும் நியூட்ரோபில்களை அழைக்கும் மூலக்கூறு. அதன் வாங்கியை மறிக்கும் அவகோபன் 2021-இல் அமெரிக்காவில் ஒரு வகைக் குருதிக்குழாய் அழற்சிக்கு அனுமதி பெற்றது. அழைப்பை மறித்து அழற்சியைக் குறைப்பது அடிப்படையிலேயே முடியாத காரியம் என்று சொல்ல இனி இடமில்லை. ஆனால் அது உடல் தன்னைத்தானே தாக்கும் நோய். அங்கே ஒழிக்க வேண்டிய கிருமி இல்லை. டெங்குவிலும் சிக்குன்குனியாவிலும் முதல் நாட்களில் வைரஸ் பெருகிக்கொண்டிருக்கிறது. வருகிற கலங்களுக்கு அதை ஒழிக்கும் வேலையும் இருக்கிறது. அந்த வெற்றியை இந்தக் காய்ச்சல்களுக்கு அப்படியே கொண்டுவர முடியாது.

இப்போது தராசின் மறு தட்டு. 2009-இல் இலங்கையில் ஏறத்தாழ 35,000 டெங்கு நோயாளர், 346 மரணங்கள். நூற்றுக்கு ஒருவர். 2017-இல் நோயாளர் ஐந்து மடங்குக்கு மேல். மரணம் ஏறத்தாழ நானூற்றுக்கு ஒருவர். இடையில் எந்தக் கெமோகைன் மருந்தும் வரவில்லை. வந்தது தேசிய சிகிச்சை வழிகாட்டி, பாங்காக்கின் குழந்தைகள் மருத்துவ நிறுவனத்தில் பெற்ற பயிற்சி, வார்டுகளில் தனியாக ஒதுக்கிய கட்டில்கள். கசிவு தொடங்கி அடங்குவதற்கு 24 முதல் 48 மணித்தியாலம். அதற்குள் குருதி தடிப்பதை பிசிவி (குருதியில் செங்கலங்களின் பங்கு) காட்டுகிறது. மேல் அழுத்தத்துக்கும் கீழ் அழுத்தத்துக்கும் உள்ள இடைவெளி 20-க்கு இறங்கினால் அதிர்ச்சி நெருங்குகிறது. 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அந்தக் காலம் முழுவதற்கும் வாயாலும் சேலைனாலும் சேர்த்து 4,600 மில்லிலீற்றர் என்று வழிகாட்டி கணக்கிட்டுத் தருகிறது. குறைந்தால் அதிர்ச்சி. கூடினால், கசிந்த திரவம் குழாய்க்குத் திரும்பும் நேரத்தில் நுரையீரல் மூழ்கும். இரவு இரண்டு மணிக்கு பிசிவி பார்த்து, துளிவேகத்தைத் திருத்தும் தாதியின் கை அந்த மரணங்களைத் தடுத்தது.

இந்தக் கணக்கிலும் ஓட்டை உண்டு. 2017-இல் பதிவுமுறை விரிந்திருந்ததால் இலேசான நோயாளரும் எண்ணிக்கையில் சேர்ந்து விகிதத்தைக் குறைத்திருக்கலாம். பரவிய வைரஸ் வகையும் வேறு. வீழ்ச்சி முழுவதையும் வழிகாட்டியின் கணக்கில் எழுத முடியாது. ஆனால் பாதியை எழுதினாலும், கெமோகைன் மருந்துகள் இன்றுவரை காப்பாற்றிய டெங்கு நோயாளரின் எண்ணிக்கையோடு ஒப்பிட அது போதும். அந்த எண்ணிக்கை சுழியம்.

என் தீர்ப்பு இது. கெமோகைன்கள் இந்தக் காய்ச்சல்களில் வெறும் பார்வையாளர் இல்லை. கலங்களின் வரவைத் தீர்மானிப்பவை அவையே என்பது ஐயமற நிறுவப்பட்டது. அவற்றைக் குற்றவாளிகள் என்பது நிறுவப்படவில்லை. ஐ.பி.-10 பற்றிய சான்று அதற்கு நேர் எதிராகவே நிற்கிறது, எம்.சி.பி.-1 பற்றிய சான்று நாளையும் அளவையும் பொறுத்து இரு பக்கமும் சாய்கிறது. யார் கடும் நிலைக்குப் போவார் என்று முன்கூட்டிச் சொல்ல அவை உதவலாம் என்பதும் இப்போதைக்குப் பலவீனமான கூற்றே: ஐ.பி.-10 டெங்குவில் உயர்வது போலவே காசநோயிலும் கோவிட்டிலும் உயர்கிறது. ஆகவே இன்றைய சான்றை வைத்துக்கொண்டு, டெங்கு நோயாளருக்குக் கெமோகைன் தடுப்பு மருந்தைக் கொடுப்பதை நான் எதிர்க்கிறேன். சிக்குன்குனியாவின் நாட்பட்ட மூட்டு நோய்க்கு, குறுகிய காலம், பகுதியளவு அடக்கும் மருந்துகளைச் சோதிப்பதை ஆதரிக்கிறேன். பணம் ஒரே பையிலிருந்துதான் வருமென்றால், அது முதலில் கிண்ணியா, மூதூர் ஆதார வைத்தியசாலைகளின் இரவுப் பணிக்கும் பிசிவி கருவிக்கும் போகட்டும். அடுத்து நுளம்பைத் தேடும் வேலைக்கு. உவர்நீரிலும் இந்த நுளம்புகளின் புழுக்கள் வளர்வதை யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் ஆய்வாளர்கள் ரஞ்சன் ராமசாமியும் சின்னத்தம்பி சுரேந்திரனும் 2011-இல் காட்டியிருக்கும்போது, களப்பு சூழ்ந்த திருகோணமலையில் நன்னீர்த் தொட்டிகளை மட்டும் கவிழ்த்துப் பார்ப்பது போதாது.

இந்தத் தீர்ப்பை மாற்றக்கூடிய சான்று எது என்பதையும் சொல்லிவிட வேண்டும். காய்ச்சலின் மூன்றாம் நாளுக்குள் வரும் நோயாளரைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மருந்தும் மறு பாதிக்கு வெற்று மருந்தும் கொடுத்து, இரு பாதிக்கும் ஒரே வழிகாட்டிப்படி திரவம் கொடுக்கும் சோதனை. குருதியில் எம்.சி.பி.-1 இறங்கியதா என்பது அதில் விடையாகாது. நெஞ்சறையில் நீர் தேங்கியதா, அதிர்ச்சி வந்ததா, வைரஸ் கூடுதல் நாள் தங்கியதா என்ற மூன்றையும் அளக்க வேண்டும். சிக்குன்குனியாவில் மூன்றாம் மாதத்திலும் பன்னிரண்டாம் மாதத்திலும் மூட்டைப் பார்க்க வேண்டும். அத்தகைய சோதனை ஒன்றில் மருந்து பெற்றவர்கள் தெளிவாக நலமடைந்தால், மேலே எழுதியதைத் திருத்தி எழுதுவேன்.